எத்தனை நாள் என்று கேட்கும்போது

(உலக நோயாளர் தினத்தையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறைச் சிந்தனை)



பிப்ரவரி 11 லூர்து அன்னையின் நினைவு நாள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டில் இந்த நாளை உலக நோயாளர் தினமாகவும் ஏற்படுத்தினார். 1993 முதல் ஆண்டுதோறும் திருச்சபை முழுவதும் இந்நாளில் நோயுற்றோருக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்காகவும் மன்றாடி வருகிறோம். பொதுவாக எல்லா நோயாளருக்காகவும் செபிக்கும் நாம், இன்று ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கல்லீரல் புற்றுநோய். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தாலே இந்த நோயின் கடுமை நமக்குப் புரியும்.

இந்த நோயுள்ளவர் கைக்கு அடிக்கடி ஒரு தாள் வரும். இரத்தப் பரிசோதனைத் தாள். அதில் பல வரிகள், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். சில எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். தாளை வாங்கிய வீட்டார் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை நாள்? இந்தக் கேள்விக்கு அந்தத் தாள் என்ன பதில் சொல்கிறது, என்ன பதில் சொல்லவில்லை, அந்தப் பதிலை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதே இன்றைய நம் சிந்தனை.

விவிலியத்தில் இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் இருக்கிறார். யூதாவின் அரசர் எசேக்கியா. அரசர்கள் இரண்டாம் நூலின் 20-ஆம் அதிகாரத்திலும், எசாயா நூலின் 38-ஆம் அதிகாரத்திலும் அவருடைய நோயைப் பற்றி வாசிக்கிறோம். அவர் சாகும் நிலையில் படுத்திருக்கிறார். இறைவாக்கினர் எசாயா வந்து, அவர் பிழைக்கப்போவதில்லை, ஆகவே வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவிக்கிறார். அரசர் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு செபிக்கிறார், தேம்பி அழுகிறார். எசாயா அரண்மனை முற்றத்தைக் கடப்பதற்குள் ஆண்டவர் அவரைத் திரும்ப அனுப்புகிறார். அரசருக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்படுகின்றன. அப்போதும் இறைவாக்கினர் சும்மா இருக்கவில்லை. அத்திப்பழ அடை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் வைக்கச் சொல்கிறார்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று காரியங்கள் சேர்ந்தே வருகின்றன. உண்மையை நோயாளியிடமே சொன்னார்கள். நோயாளி தன் அழுகையைக் கடவுளிடம் கொண்டுபோனார். மருந்தும் போட்டார்கள். இந்த மூன்றில் ஒன்றையும் விவிலியம் விட்டுவிடவில்லை. நாமோ பல நேரங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

அன்புக்குரியவர்களே, முதலில் அந்தத் தாளைக் கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொள்வோம். கல்லீரல் நம் உடலின் பெரிய அடுப்பங்கரை போன்றது. உணவிலிருந்து வரும் சத்துக்களைப் பக்குவப்படுத்துகிறது, நச்சுகளைக் கழிக்கிறது, இரத்தத்திற்குத் தேவையான புரதங்களைச் செய்து தருகிறது. அந்தப் புரதங்களில் முக்கியமானது அல்புமின். கல்லீரல் சோர்ந்துபோனால் அல்புமின் குறையும். காலில் நீர் கோக்கும், வயிறு வீங்கும். அடுத்தது பிலிரூபின். பழைய சிவப்பணுக்கள் அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள் அது. கல்லீரல் அதைக் கழிக்க முடியாதபோது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அதைத்தான் மஞ்சள் காமாலை என்கிறோம். மூன்றாவது, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. உறைவதற்கான புரதங்களையும் கல்லீரலே செய்வதால், அது தளர்ந்தால் உறையும் நேரமும் நீளும்.

இவை மூன்றும் கல்லீரலின் பலத்தைக் காட்டும் எண்கள். கட்டியைப் பற்றிச் சொல்லும் எண் வேறு. அதன் பெயர் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. என்பார்கள். தாயின் வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதன் கல்லீரல் இந்தப் புரதத்தை நிறையச் செய்கிறது. பிறந்தபின் ஓராண்டுக்குள் அது மிகவும் குறைந்துவிடும். பெரியவர்களின் இரத்தத்தில் பெயரளவுக்கே இருக்கும். 1963-இல் மாஸ்கோவில் கார்ரி அபெலெவும் அவருடன் உழைத்தவர்களும், கல்லீரல் கட்டியுள்ள எலிகளிடம் இந்தக் கருக்காலப் புரதம் மீண்டும் தோன்றுவதைக் கண்டார்கள். அதன்பின் யூரி தத்தாரினோவ் கல்லீரல் புற்றுநோயுள்ள மனிதரின் இரத்தத்திலும் அது இருப்பதைக் கண்டறிந்தார். இன்று இந்நோயில் அதிகம் பார்க்கப்படும் இரத்தக் குறி அதுவே.

ஆனால் இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. கட்டி சிறிதாக இருக்கும்போது பலருக்கு ஏ.எஃப்.பி. உயர்வதே இல்லை. கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே அது உயரும். கல்லீரல் அழற்சி நீண்ட நாள் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே சற்று உயரலாம். ஆகவே மருத்துவர்கள் வேறு குறிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வைட்டமின் கே குறைவில் உண்டாவதுபோன்ற, முழுமை பெறாத ஓர் உறைவுப் புரதம் இந்த நோயாளர்களிடம் உயர்வதை 1984-இல் கண்டார்கள். ஏ.எஃப்.பி.யிலேயே ஒரு பகுதி, நம் வீட்டு மைசூர்ப் பருப்பின் இனத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதி அதிகமாக இருந்தால் கட்டி வேகமாகப் பரவும் தன்மையுள்ளதாக இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். சாதாரண இரத்த அணுப் பரிசோதனையில் வரும் இரண்டு வகை வெள்ளணுக்களின் விகிதத்தையும் பார்க்கிறார்கள். நியூட்ரோஃபில்கள் மிகுந்து லிம்போசைட்டுகள் குறைந்திருந்தால், உடலில் அழற்சி கூடியிருக்கிறது, நோயை எதிர்க்கும் படை மெலிந்திருக்கிறது என்று கொள்கிறார்கள். ஆனால் சாதாரணக் காய்ச்சலும் கிருமித் தொற்றும்கூட அந்த விகிதத்தை மாற்றிவிடும்.

இந்த நோயில் மருத்துவர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது என்பது ஒன்று. கட்டி குடியிருக்கும் கல்லீரல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது மற்றொன்று. ஏனென்றால் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருமுன்பே கல்லீரல் தழும்பேறி இறுகிப்போயிருக்கிறது. சிரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கட்டி சிறிதாக இருந்தும் கல்லீரல் தளர்ந்ததால் இறந்தவர்கள் உண்டு. கட்டி பெரிதாக இருந்தும் கல்லீரல் பலமாக இருந்ததால் சிகிச்சையைத் தாங்கியவர்களும் உண்டு.

இந்தப் பலத்தை அளக்க 1964-இல் அமெரிக்காவில் சைல்டு, டர்காட் என்ற இரு அறுவை மருத்துவர்கள் ஓர் அளவுகோலை அமைத்தார்கள். 1973-இல் லண்டனில் பியூவும் அவருடைய குழுவினரும் அதைத் திருத்தினார்கள். பிலிரூபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு என ஐந்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். 5 அல்லது 6 வந்தால் முதல் நிலை, 7 முதல் 9 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் 15 வரை மூன்றாம் நிலை. 2015-இல் பிலிப் ஜான்சனும் பல நாட்டு ஆய்வாளர்களும் அல்புமின், பிலிரூபின் என்ற இரண்டை மட்டும் கொண்டு இன்னும் எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். ஜப்பானிய நோயாளர்களின் விவரங்களிலிருந்து அதை உருவாக்கி, மற்ற நாட்டு நோயாளர்களிடமும் சரிபார்த்தார்கள். இரண்டே இரண்டு சாதாரணப் பரிசோதனைகள். சிறிய ஊர் மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை. அவற்றைக் கொண்டு, யார் நீண்ட நாள் வாழ வாய்ப்புண்டு, யாருக்கு அது குறைவு என்று மூன்று குழுக்களாகப் பிரிக்க முடிகிறது.

இங்கே நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். குழுக்களாகப் பிரிக்க முடிகிறது என்றோம். ஒரு தனி மனிதரின் நாள்களை எண்ண முடிகிறது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் கலங்கிப்போகின்றன.

ஒரே நிலையில் உள்ள நூறு நோயாளரை நம் கோவில் முற்றத்தில் வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த காலம் வாழ்ந்தவர் முதலில், மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் கடைசியில். வரிசையின் நடுவில் நிற்பவர் பத்து மாதம் வாழ்ந்தார் என்றால், பத்து மாதம் என்பது அந்தக் குழுவின் நடுக்கணக்கு. அவருக்கு முன்னால் நிற்கும் பாதிப்பேர் அதற்குள் போய்விட்டார்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள். சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மருத்துவர் பத்து மாதம் என்று சொல்வது இந்த நடுவரைத்தான். நம் அப்பா அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

ஸ்டீபன் ஜே கூல்டு என்ற அமெரிக்க அறிவியலாளர் இதைத் தம் உடலிலேயே கண்டார். 1982-இல் அவருக்கு வயிற்றின் உள்ளுறையில் ஓர் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. கல்லீரல் புற்றுநோய் அல்ல, ஆயினும் கணக்கு ஒன்றுதான். அந்த நோயில் நடுக்கணக்கு எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்து அறிந்தார். எண்களோடு பழகியவர் ஆதலால், எட்டு மாதத்தில் இறந்துவிடுவேன் என்று அதற்குப் பொருள் கொள்ளவில்லை. வரிசையின் பின்பாதி எவ்வளவு நீளம் என்று பார்த்தார். தம் வயது, நோயின் கட்டம், கிடைத்த சிகிச்சை இவற்றால் தாம் அந்தப் பின்பாதியில் இருக்கக்கூடும் என்று நம்பினார். 1985-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் இறந்தது 2002-இல், இருபது ஆண்டுகள் கழித்து.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்குகள் எல்லாம் நேற்றைய நோயாளரிடமிருந்து எடுத்தவை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு சொராஃபெனிப் என்ற மாத்திரை பெற்றவர்களின் நடுக்கணக்கு 10.7 மாதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 7.9 மாதம். பிறகு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தோடு வேறொரு மருந்தும் சேர்த்துத் தந்த ஆய்வில் அது 19.2 மாதமானது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கல்லீரல் நன்றாக வேலை செய்பவர்களையே சேர்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே பழைய அட்டவணை ஒன்றை எங்கோ படித்துவிட்டு, அதை நம் வீட்டார் தலைமேல் தீர்ப்பாக வைப்பது சரியல்ல.

அப்படியானால் இந்த எண்கள் எதற்கு என்று கேட்கலாம். வழியைத் தேர்ந்துகொள்வதற்காக. மாற்றுக் கல்லீரல் பொருத்துவதை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிடைக்கும் கல்லீரல் இன்னொருவர் தந்த கொடை. அதை வீணாக்கக் கூடாது. அமெரிக்காவில் ஏ.எஃப்.பி. 1000-க்கு மேல் உள்ள கல்லீரல் புற்றுநோயாளருக்கு, வேறு சிகிச்சையால் அது 500-க்குக் கீழே இறங்கினால்தான் காத்திருப்போர் வரிசையில் புற்றுநோய்க்கான முன்னுரிமை தருகிறார்கள். அதாவது, எண் இறங்கினால் அடைபட்ட கதவு திறக்கிறது.

இன்னொரு நிகழ்வு நம் சிந்தனைக்கு மிகவும் பொருத்தமானது. ராமுசிருமாப் என்ற மருந்தைக் கல்லீரல் புற்றுநோயாளர் பலருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆனால் ஏ.எஃப்.பி. 400-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன் இருப்பதுபோல் தோன்றியது. அவர்களை மட்டும் சேர்த்து மறுபடியும் ஆய்வு செய்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களின் நடுக்கணக்கு 8.5 மாதம், பெறாதவர்களுக்கு 7.3 மாதம். கூடுதல் ஒரு மாதத்திற்குச் சற்று மேல்தான். அது பெரிதல்ல என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாதத்தில் ஒரு பேரக்குழந்தை பிறக்கலாம், பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் பேசிவிடலாம் என்று அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதுவரை கெட்ட சேதி சொல்லிக்கொண்டிருந்த அந்த உயர்ந்த எண்ணே, இந்த நோயாளருக்கு எந்த மருந்து பயன்படும் என்று காட்டும் கைகாட்டியானது.

சில நேரம் அந்த எண்கள் வேறு வழியைக் காட்டும். கல்லீரல் மிகவும் தளர்ந்துவிட்டது, மாற்றுக் கல்லீரலுக்கும் வழியில்லை என்றால், கடுமையான மருந்துகள் உதவியைவிடத் துன்பத்தையே அதிகம் தரும். அப்போது மருத்துவர், வலியைத் தணித்து ஆறுதலாகக் கவனித்துக்கொள்வோம் என்பார். அதைக் கைவிடுதல் என்று எண்ண வேண்டாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மருத்துவர்களிடம் பேசியபோதே, உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு, அளவுக்கு மீறிய சுமையான வழிகளைக் கையாளக் கட்டாயமில்லை என்று விளக்கினார். திருச்சபையின் மறைக்கல்வியும் அதையே கற்பிக்கிறது. வலி தணிக்கும் பராமரிப்பை அன்பின் சிறந்த பணி என்று அது மதிக்கிறது. நிலத்தை விற்று, தாலியை அடகு வைத்து, பயன்படாத சிகிச்சைக்காக ஊர் ஊராக அலைந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாசம் உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்பு நேயர்களே, இப்போது மிகவும் கடினமான இடத்திற்கு வருகிறோம். அந்தத் தாள் யாருடையது?

நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பார்ப்போம். நோயாளியான அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மகனும் மருமகனும் மட்டும் உள்ளே போகிறார்கள். “டாக்டர், அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாரு” என்கிறார்கள். வெளியே வந்து, “ஒண்ணுமில்லப்பா, ஈரல்ல கொஞ்சம் வீக்கம், மாத்திரையில சரியாயிடும்” என்கிறார்கள். அம்மாவுக்கும் அதே பதில்தான். ஆனால் அப்பா எல்லாவற்றையும் கவனிக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் இளைய மகன் லீவு போட்டுவிட்டு வருகிறான். பத்து ஆண்டாக வராத சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள். மகள் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளைகள் வருந்தக் கூடாதே என்று அவரும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார். எல்லாரும் ஒருவரை ஒருவர் நேசிப்பதால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் அவர்களால் ஓர் உண்மையான வார்த்தைகூடப் பேசிக்கொள்ள முடியாமல் போகிறது.

இழப்பு என்ன என்று எண்ணுவோம். யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எந்த நிலத்தின் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அவருக்கே தெரியும். வரப்புத் தகராறில் பேச்சை விட்டுவிட்ட தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்திருக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க விரும்பியிருக்கலாம். மனைவியிடம், உன்னை நன்றாக வைத்துக்கொள்ளவில்லையே என்று சொல்ல நினைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் தேவையான ஒரே ஒரு செய்தியை நாம் அவரிடமிருந்து எடுத்து ஒளித்துவைத்துவிட்டோம். எசாயா அரண்மனைக்குப் போனபோது அரசரின் மகனைத் தனியே அழைத்துப் பேசவில்லை. நோயாளியிடமே பேசினார். வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டியவர் அவர்தானே.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். எண்களை முதலில் சொல்ல வேண்டியதில்லை. “அப்பா, டாக்டர் சொன்னது எல்லாத்தையும் நீங்க தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?” என்று கேட்டாலே போதும். சிலர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அதையும் மதிப்போம். தெரிந்துகொள்ளும் உரிமையைப் பிள்ளைகளிடம் தாமாகவே ஒப்படைத்தவர் அவர். கேட்காமலே பறிப்பது வேறு, அவர் ஒப்படைப்பது வேறு. தெரிய வேண்டும் என்று சொல்பவரிடம் மெதுவாக, உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோம். பிறகு எழுந்து ஓடாமல் கூடவே இருப்போம்.

மருத்துவரிடம் போகும்போதும், எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டாம். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, போன முறைக்கும் இந்த முறைக்கும் எண்கள் எப்படி மாறியிருக்கின்றன, இந்தச் சிகிச்சையால் என்ன பயன், என்ன துன்பம், சிகிச்சை வேண்டாம் என்றால் வலியைக் குறைக்க என்ன வழி என்று கேட்போம். ஒரு தடவை வந்த ஓர் எண்ணைவிட, எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இங்கே நம் திருச்சபையின் வாழ்விலிருந்தே ஓர் ஒப்புமை உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று ஓர் அருளடையாளத்தைச் சொல்வார்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் வந்தாலே, யாரோ சாகப்போகிறார் என்று ஊர் பயப்படும். நோயாளி பயந்துவிடுவார் என்று சாமியாரைக் கூப்பிடாமலே இருந்துவிடுவார்கள். கடைசியில் நினைவு தப்பிய பிறகு கூப்பிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த அருளடையாளத்தின் சடங்கைப் புதுப்பித்தார். இன்று அதை ‘நோயில்பூசுதல்’ என்கிறோம். சாகும் நேரத்திற்கென்று மட்டும் வைத்திருப்பதல்ல அது. கடும் நோயின் தொடக்கத்திலேயே, பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நோயாளிக்குத் திடமும் அமைதியும் தர வந்ததை, சாவின் அறிவிப்பு என்று பயந்து தள்ளிவைத்தோம். இரத்தப் பரிசோதனைத் தாளையும் நாம் அப்படித்தான் நடத்துகிறோம். உதவிக்கு வந்ததை ஒளித்துவைக்கிறோம். எண்ணெய்ச் சிமிழையும் தாளையும் உரிய நேரத்தில், உரியவரிடம் கொண்டுபோவோம்.

எசேக்கியாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன. எல்லாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. நன்றாக செபித்தவர்களும் நல்ல எண்களோடு இருந்தவர்களும்கூட விரைவில் போயிருக்கிறார்கள். செபம் பலிக்கவில்லை, விசுவாசம் போதவில்லை என்று அந்தக் குடும்பத்திடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே தம் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார். அது அகலவில்லை. ஆனால் தந்தை அவரைக் கைவிடவும் இல்லை.

கடைசியாக, அத்திப்பழ அடை. மருந்தும் இறைவன் தந்ததே என்று சீராக் ஞான நூல் நமக்குக் கற்பிக்கிறது. இந்த நோயில் வருமுன் காக்க வழி இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்களில் ஒன்று ஹெபடைடிஸ் பி வைரஸ். தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கு அது தொற்றலாம். தைவானில் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியிலும் இது அடங்கியுள்ளது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய முதல் ஊசியையும் தவறவிடக் கூடாது. 2018 ஜூலை 28 முதல் இந்தியாவில் கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கான தேசியத் திட்டம் நடக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி இருந்தால், பெரும்பாலோருக்குச் சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டாலே முற்றிலும் குணமாகிறது.

மதுவும் கல்லீரலை அழிக்கிறது. சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலும் அழிக்கிறது. சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டால், கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். அந்நிலையில் குணப்படுத்தவும் வாய்ப்பு அதிகம். மஞ்சள் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்து மாதங்களைக் கடத்த வேண்டாம். நம் அன்பியக் கூட்டங்களில் இந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் சொல்வோம். மருத்துவமனைக்குத் துணையின்றிப் போகும் முதியவர் நம் தெருவில் இருந்தால், ஒருவர் கூடப் போவோம். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துச் சொல்வோம்.

அன்புக்குரியவர்களே, அந்தத் தாளில் உள்ள எண்கள் நம்மைப் போன்ற பலரின் வாழ்விலிருந்து திரட்டிய அறிவு. அதை மதிப்போம். அதற்குரிய பயனைக் கொள்வோம். ஆனால் நாள்களைத் தருபவர் ஒருவரே. நூறு பேர் நிற்கும் வரிசையில் நம் அப்பா எங்கே நிற்கிறார் என்று தாளுக்குத் தெரியாவிட்டாலும், அவரைப் பெயர் சொல்லி அறிந்தவர் இருக்கிறார்.

செபிப்போமாக. நோயாளரின் ஆறுதலாகிய ஆண்டவரே, இன்று பரிசோதனைத் தாளோடு காத்திருக்கும் எல்லாரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். மருத்துவர்களுக்கு ஞானத்தையும் கனிவான சொல்லையும் தாரும். குடும்பத்தாருக்கு உண்மையைப் பேசும் துணிவையும், கூடவே இருக்கும் பொறுமையையும் தாரும். சுவர்ப்பக்கம் முகம் திருப்பி அழுவோரின் கண்ணீரை நீர் பார்த்தருளும். கிடைக்கும் நாள்கள் பலவானாலும் சிலவானாலும், அவற்றை அன்பில் வாழ எங்களுக்கு வரமருளும். நோயாளரின் ஆரோக்கியமாகிய லூர்து அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.